வண்டில் கூடாரத்திலிருந்து டொல்பின் வான் வரை: நாயாற்று மணலில் நம்ம குடும்ப வாகனங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். பிளேன்டீ ஒன்றை ஊத்தி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன பள்ளிக்கூட விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம். பிள்ளைகளும் மருமக்களும் ஒன்றுசேர்ந்து, நாயாற்றுக்குப் போய் இரண்டு இரவு தங்கி வருவோம் என்றார்கள். "கேம்பிங்" என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அதற்குத் தோதான வாகனம் ஒன்றை எல்லாரும் காசு போட்டு வாங்க வேண்டும், டயர் மாற்ற வேண்டும், கூரையில் ராக்கை அடிக்க வேண்டும் என்று பேச்சு வளர்ந்தது. ஒருவன் டபுள் கப் என்றான். இன்னொருவன் ஜீப் என்றான். மூலையில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த உம்மா தலையைத் தூக்காமலே கேட்டார்: "இருவது வருஷம் கேம்புல கிடந்தது போதாதா மகன்? இனிக் காசு குடுத்து வேற கேம்புக்குப் போகணுமா?"

சபை அமைதியாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிற எங்களுக்கு அந்தக் கேள்வி இரவெல்லாம் தூக்கத்தைக் கெடுத்தது. காட்டுக்கும் கடற்கரைக்கும் குடும்பத்தோடு போய்த் தங்குவது நம்ம ஊருக்குப் புதிதா? அதற்காக வாகனத்தைத் தெரிவதும் திருத்துவதும் நேற்றுத் தொடங்கிய வேலையா? தேடிப் பார்த்ததையும் மூத்தவர்களிடம் கேட்டதையும் கீழே எழுதுகிறோம்.

நிலம்

வெளியூரில் இருக்கும் உறவுகளுக்காக ஒரு வரி. முல்லைத்தீவு நகரிலிருந்து தெற்கே கடலோரமாக சிலாவத்தை, அளம்பில், செம்மலை தாண்டினால் நாயாறு. அதற்கு அப்பால் கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, களப்புக்குப் பின்னால் காடு. இந்தக் கொஞ்ச இடத்துக்குள் ஒரு வாகனம் மூன்று வகை நிலத்தைச் சந்திக்கிறது. கடற்கரையில் கால் புதைகிற மணல். களப்போரத்தில் மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாயும் கிடக்கிற சேறு. காட்டுப் பாதையில் வேரும் கிடங்கும். இவை போதாதென்று ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை மாரி மழை. வன்னியில் வாகனம் என்று எது வந்தாலும் இந்த நான்குக்கும் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாதது மழைக்கு முதல் வருடமே புதைந்துவிடும்.

இன்னொன்று. வெளியில் போய்த் தங்குவதற்கு இந்தக் கரையில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: வாடி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும்போது சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் இங்கே வந்து வாடி அடித்துத் தொழில் செய்வார்கள். காற்று மாறினால் வாடியைப் பிரித்துக்கொண்டு போவார்கள். ஆகவே நாயாறு, போய்த் தங்கித் திரும்புகிற ஆக்களை எப்போதும் கண்ட இடம்.

தவளம்

முதல் வாகனத்துக்குச் சக்கரம் இல்லை. பொதிமாடுதான் வாகனம். பொதிமாட்டு வரிசையைத் தவளம் என்பார்கள். கண்டி இராச்சியக் காலத்தில் கரையோரத்து உப்பும் கருவாடும் துணியும் உள்நாட்டுக்குப் போனதும், உள்நாட்டுப் பாக்கு கரைக்கு வந்ததும் பெரும்பாலும் தவளத்தில்தான். அதை நடத்தியவர்களில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். 1859இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய எமர்சன் டெனன்ட் இந்தப் பொதிமாட்டுக் கூட்டங்களை விவரித்திருக்கிறார்.

தவளக்காரருக்கு ஒவ்வொரு இரவும் வெளியில் தங்கும் இரவுதான். தமிழ் அகராதியில் "தாவளம்" என்றால் தங்குமிடம் என்று பொருள் போட்டிருக்கிறது. மாட்டின் முதுகில் இருந்து இறக்கிய பொதிகளை அடுக்கினால் அதுவே காற்றுக்கு மறைப்பு. சக்கரம் போக முடியாத இடத்துக்கு மாட்டின் குளம்பு போகும்; மாடு தன் எரிபொருளைத் தானே மேய்ந்துகொள்ளும். இன்றைக்கு "ஓஃப் ரோட்" என்று பெருமையாகச் சொல்கிறோமே, ரோட்டே இல்லாத காலத்தில் நம்ம முன்னோர் அதைப் பெயரில்லாமல் செய்தார்கள்.

வண்டில்

பிரித்தானியர் பாதைகளை வெட்டியதோடு வண்டில் பெருகியது. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைநூலை வெளியிட்டார். பழைய வன்னியைப் படிக்கிற எவரும் முதலில் புரட்டுகிற புத்தகம் அது. அந்தக் காலத்தில் இருந்து எங்கள் மூத்தவாப்பா காலம் வரை குடும்பத்தோடு போக வர வண்டில்தான்.

வண்டிலை யாரும் கடையில் முழுதாக வாங்கவில்லை. தச்சர் குடமும் ஆரக்காலும் வட்டமும் செய்வார். கொல்லர் இரும்புப் பட்டத்தைப் பழுக்கக் காய்ச்சி வட்டத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். துலாவும் நுகமும் வீட்டு மாட்டின் உயரத்துக்குப் பார்த்துப் போடுவது. ஆக, ஒவ்வொரு வண்டிலும் அந்தந்தக் குடும்பத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

பெரிய சக்கரம் என்பதால் கிடங்கிலும் வேரிலும் ஏறி இறங்கும். தண்ணீர் அச்சுக்கு மேலே வராத வரைக்கும் துரவையைக் கடக்கும். மணல்தான் அதன் பகை. ஒடுங்கிய இரும்புப் பட்டம் மணலைக் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு இறங்கிவிடும். அதனால் கடற்கரையில் அலை நனைத்த இறுகிய மணலில் ஓட்டுவார்கள், அல்லது பாரத்தை இறக்கிச் சுமப்பார்கள். பின்னாளில் பழைய கார் அச்சும் காற்று டயரும் பூட்டிய டயர் வண்டில் வந்தது. அகலமான டயர் மணலின் மேலே நிற்கும். மணலுக்கு அகலம் வேண்டும் என்ற பாடத்தை நம்ம ஆக்கள் புத்தகம் படித்து அறியவில்லை, மாடு மூச்சு வாங்கியதைப் பார்த்து அறிந்தார்கள்.

குடும்பப் பயணம் என்றால் வண்டிலுக்குக் கூடாரம் ஏறும். வளைத்த கம்புகள், மேலே கிடுகு, உள்ளே வைக்கோல், அதற்கு மேல் பாய். பின்பக்கம் சீலை மறைப்பு. பெண்களும் பிள்ளைகளும் உள்ளே படுக்க, ஆண்கள் வண்டிலின் கீழே சாக்கை விரித்துப் படுப்பார்கள். முன்னுக்கு அரிக்கன் லாம்பு தொங்கும். அடியில் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, கருவாடு, மாட்டுக்கு வைக்கோல். வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குத் தமிழ் உறவுகள் இப்படித்தான் கூடார வண்டில் கட்டி வந்தார்கள். பாலைப்பழக் காலத்தில் காட்டோரம் போவதும், கருவாடு எடுக்க நாயாற்றுப் பக்கம் போய் வாடியோரம் தங்குவதும் எங்கள் ஆக்களுக்கு வழமை. உம்மா சின்ன வயதில் அந்தக் கூடாரத்துக்குள் படுத்தவர்தான்.

ஆகக் கூடாரம் என்ற சொல் முதலில் எங்களுக்கு வண்டிலின் கூரை. நிலத்தில் அடிக்கிற டென்ட் பின்னால் வந்தது.

எஞ்சின்

இப்போது கொஞ்சம் வெளிநாட்டுக் கதை. 1947இல் இங்கிலாந்தின் ரோவர் கம்பனியைச் சேர்ந்த மோரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் போர்க்காலத்து வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அது பழுதானால் அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்ற கேள்வி வந்தது. வேல்ஸ் பக்கம் அங்கிள்சி தீவின் கடற்கரை மணலில் அவர் கோடு கீறிக் காட்டிய வாகனம்தான் லேண்ட் ரோவர் என்று சொல்வார்கள். 1948 ஏப்ரல் 30இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது. போருக்குப் பின் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். துருப்பிடிக்காத உடம்பு என்ற பெயர் அந்தத் தட்டுப்பாட்டால் கிடைத்தது. கையில் இருப்பதைக் கொண்டு செய்ததுதான் பிறகு உலகம் முழுக்க ஓடியது.

இலங்கையில் லேண்ட் ரோவரும் ஜீப்பும் பெரும்பாலும் திணைக்களங்களின் வாகனம், தோட்டத் துரைமாரின் வாகனம். வன்னிச் சனத்துக்குக் கார் என்றால் ஒஸ்டின், மொரிஸ். ஒஸ்டின் ஏ40 சோமர்செட் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்டது. அதற்குப் பின் வந்த கேம்பிரிஜ், கூடவே மொரிஸ் மைனர். கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவை. காட்டுப் பாதைக்கு அல்ல.

காட்டுக்கும் கடலுக்கும் குடும்பத்தை ஏற்றிப் போனது உழவு இயந்திரம். சின்னச் சாம்பல் நிறப் பெர்குசன் 1946இல் இங்கிலாந்தில் செய்யத் தொடங்கியது. 1964 கடைசியில் மெஸ்ஸி பெர்குசன் 135 வந்தது. இந்தச் சிவப்பு மெஸ்ஸியைத் தெரியாத வன்னிப் பிள்ளை உண்டா? இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை எந்தக் கம்பனி செய்தாலும் லான்ட்மாஸ்டர் என்றே சொல்கிறோம். அது ஒரு இங்கிலாந்துக் கம்பனியின் பெயர், இங்கே பொதுப்பெயராகிவிட்டது.

உழவு இயந்திரத்துக்குப் பின்னால் பெட்டி. அந்தப் பெட்டிக்குத்தான் வண்டிலின் அத்தனை வித்தைகளும் குடிபெயர்ந்தன. கம்பி வளைத்துப் படங்கு கட்டினார்கள். வைக்கோல் போட்டுப் பாய் விரித்தார்கள். தண்ணீர்ப் பீப்பாய் ஒரு மூலையில், விறகு ஒரு மூலையில். பின் சக்கரத்தின் உயரமும் அகலமும் சேற்றையும் மணலையும் வென்றன. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது: பெட்டிக்குப் பெரும்பாலும் பிரேக் கிடையாது. இறக்கத்தில் பெட்டி முன்னே தள்ளும், வளைவில் கவிழும். பெட்டியில் சனத்தை ஏற்றிப் போய் நடந்த விபத்துகளை நம்ம ஊர்கள் நிறையக் கண்டிருக்கின்றன. பழமையைப் பேசும்போது அதன் ஆபத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

விட்டுப்போன வாகனங்கள்

நாயாற்று மணலில் இனி வருகிற பகுதியை எழுதக் கை தயங்குகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் வரலாறு ஆகாது.

1984 டிசம்பர் தொடக்கத்தில் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் சிங்கள மீனவர்கள் குடும்பங்களோடு கொல்லப்பட்டார்கள். அதே மாதத்தில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய்த் தமிழ்ச் சனம் ஊரை விட்டு எழும்ப வேண்டி வந்தது. கூடார வண்டில் தங்கிய கரை யாரும் தங்காத கரையானது.

1990 ஒக்டோபர் கடைசிப் பகுதியில் வடக்கு மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரம் பேருக்கும் மேல். முல்லைத்தீவு நகரம், நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று, ஹிஜ்ராபுரம் என்று நம்ம ஊர்கள் அத்தனையும் வெறுமையாயின. வீட்டையும் வயலையும் விட்டுப் போனதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. வாகனத்தை விட்டுப் போனதைப் பற்றி நாங்கள் அதிகம் வாசித்ததில்லை. எங்கள் வீட்டில் வாப்பா மாட்டை அவிழ்த்துவிட்டார். வண்டிலை மாமரத்தடியில் நிறுத்தி, துலாவை நிலத்தில் படாமல் கல்லின் மேல் தூக்கி வைத்தார். கறையான் ஏறக்கூடாது என்று. திரும்பி வர ஒரு கிழமை ஆகுமென்று நினைத்திருக்கிறார்.

திரும்பி வர இருபது வருடம் ஆனது. புத்தளத்தில் தென்னோலைக் குடிசை. அந்த இடத்துக்குப் பெயர் "கேம்ப்". உம்மாவின் வாயில் அந்தச் சொல் ஏன் கசக்கிறது என்று இளம் பிள்ளைகளுக்கு இப்போது விளங்கும்.

மண்ணெண்ணெய்க் கார்

நாங்கள் புத்தளத்தில் இருந்த காலத்தில் இங்கேயே இருந்த தமிழ் அயலவர்கள் பட்ட பாடு வேறு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. வன்னியும் யாழ்ப்பாணமும் பல வருடம் மண்ணெண்ணெயில் ஓடின.

அது எப்படி ஓடியது என்று எங்கள் வகுப்புப் பிள்ளைகள் கேட்பார்கள். விளக்கம் இதுதான். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள் ஆவியாகாது. அதனால் தீப்பொறி பட்டாலும் பிடிக்காது. எஞ்சின் சூடேறிவிட்டால் ஆவியாகும். ஆகவே ஒரு சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய ஒஸ்டின், மொரிஸ் எஞ்சின்கள் எரிபொருளை அதிகம் அமுக்குவதில்லை. அதனால் மட்டமான எண்ணெயையும் சகித்துக்கொண்டன. புதிய கார்கள் சகிக்கவில்லை. புகை கக்கும், பிளக் கரிப்பிடிக்கும், எஞ்சின் ஒயிலுக்குள் மண்ணெண்ணெய் இறங்கி அதைத் தண்ணீராக்கும். ஆனாலும் ஓடியது. பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் அதுதான் ஓடியது.

இதில் ஒரு வரலாற்று ருசி உண்டு. 1949இலேயே பெர்குசன் கம்பனி டிஈடி20 என்று ஒரு உழவு இயந்திரம் செய்தது. பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய் இனத்து மலிவு எண்ணெய்க்கு மாறும்படி அதை வடிவமைத்திருந்தார்கள். கொவென்றியில் எஞ்சினியர்கள் தொழிற்சாலையில் செய்ததை நம்ம ஊர் மெக்கானிக்மார் மரநிழலில் சைக்கிள் டியூப்பும் போத்தலும் வைத்துச் செய்தார்கள். வாகனத்தை மாற்றியமைப்பது என்ற பாடத்துக்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது?

பிறகு 2008, 2009. வன்னிச் சனம் வீட்டுக் கூரைத் தகரம், கதவு நிலை, நெல் மூட்டை, பாயும் பானையும், மேலே பெரியவர்கள் என்று உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓடியது. ஏற்றி இறக்கி, திரும்ப ஏற்றி, கடைசியில் முள்ளிவாய்க்கால். நின்ற இடத்தில் தறப்பாள் கட்டினார்கள், பதுங்குகுழி வெட்டினார்கள். போர் முடிந்தபின் அந்தப் பக்கம் எரிந்தும் துருப்பிடித்தும் குவிந்து கிடந்த பஸ், லொறி, உழவு இயந்திரம், சைக்கிள்களை நாங்கள் திரும்பி வந்தபோது கண்டோம். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய குடும்ப வாகனம்.

தறப்பாள் என்ற சொல் உம்மாவுக்கு மட்டும் கசக்கிற சொல் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அது அப்படித்தான்.

திரும்பி வந்த பிறகு

2010க்குப் பின் நம்ம ஆக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். வளவு காடாகிக் கிடந்தது. மாமரத்தடியில் வண்டில் இல்லை. கல் மட்டும் இருந்தது. பிள்ளைகளின் படிப்பு புத்தளத்தில், காணி இங்கே. ஒரு குடும்பம் இரண்டு ஊரில் வாழ்ந்தது, பலர் இன்னும் அப்படித்தான் வாழ்கிறார்கள். அந்த இரண்டு ஊரையும் அனுராதபுரம், மதவாச்சி, வவுனியா வழியாகத் தைத்த ஊசி ஹயஸ் வான்.

ஆகவே எங்கள் வீட்டு வாக்குவாதத்தில் நாங்கள் கடைசியில் டொல்பின் வானின் பக்கம் சாய்ந்தோம். 1990களின் ஹயஸ். காரணங்களைச் சொல்கிறோம், யாருக்காவது உதவும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய வாகனத்தின் விலையும் தங்கம் மாதிரி ஏறியது. டபுள் கப் நல்ல வாகனம்தான், நான்கு சக்கரமும் இழுக்கும். ஆனால் ஐந்து பேருக்கு மேல் ஏறினால் மிச்சப்பேர் பின்பெட்டியில். நாங்கள் பதினொரு பேர். உம்மாவைப் பின்பெட்டியில் ஏற்ற முடியுமா? பட்டா வாங்கலாம் என்றான் ஒருவன். அது சாமானுக்கு, சனத்துக்கு அல்ல. டொல்பினின் டீசல் பம்ப் பழைய வகை, கம்பியூட்டர் கிடையாது. காட்டோரத்தில் நின்றுபோனால் முள்ளியவளையில் இருந்து ஒரு மெக்கானிக் வந்து ஸ்பானரோடு திருத்துவார். 2022இல் எரிபொருள் வரிசையில் கிடந்து, கியூஆர் அட்டைக்குக் கிழமைக் கணக்கில் எண்ணெய் வாங்கிய அனுபவமும் இருக்கிறது. வாகனத்தின் திறமையைவிட, கிடைப்பதை வைத்து ஓட்டுகிற திறமைதான் இந்த நாட்டில் முக்கியம்.

திருத்தங்களையும் குறைத்தே செய்தோம்.

டயர்: பெரிய டயர் போடவில்லை. நல்ல டயர் நான்கும் முழு அளவில் ஒரு ஸ்பெயாரும். மணலுக்கு ஒரு காற்றுமானியும் சின்னப் பம்பும். டயருக்குள் காற்றின் அழுத்தம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு அழுத்தத்தில்தான் அது நிலத்தை அமுக்குகிறது. 36 இறாத்தலை 20க்கு இறக்கினால் டயர் பரந்து, மணலின் மேல் நிற்கும். மெதுவாகப் போக வேண்டும், வெடுக்கென்று திருப்பக்கூடாது. தார் ரோட்டில் ஏறுமுன் திரும்பக் காற்றடிக்க வேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடாகி வெடிக்கும். டயர் வண்டில் சொன்ன பாடம்தான் இது.

கூரை: ராக்கையில் பாரமான எதுவும் இல்லை, பாயும் தலையணையும் மட்டும். தண்ணீர்க் கேன், அரிசி, சட்டி எல்லாம் கீழே. மேல் பாரம் ஏறினால் வான் கவிழும். உழவு இயந்திரப் பெட்டி சொன்ன பாடம்.

உள்ளே: பின் இருக்கைகளைக் கழற்றவில்லை. இருக்கைகளின் மேல் பொருத்தி எடுக்கக்கூடிய பலகை இரண்டு, மேலே மெத்தை. பின்கதவைத் தூக்கினால் அதோடு கட்டுகிற சீலை மறைப்பு. வாகனத்தின் உடலையோ எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவிலும் திருத்த வேண்டும். மேலதிக லைட், கம்பி என்று பூட்டியவற்றை 2025 தொடக்கத்தில் பொலிஸார் சோதித்துக் கழற்ற வைத்ததும் ஞாபகம் இருக்கும். பலகையும் சீலையும் யாருக்கும் தொந்தரவில்லை.

மூன்றாவது திருத்தம்தான் உம்மாவுக்குரியது. பலகையைப் போட்டு மெத்தை விரித்து, பின்கதவைத் தூக்கிச் சீலை கட்டிக் காட்டினோம். உம்மா ஏறி இருந்து பார்த்தார். சீலையைக் கையால் தடவினார். "இது கேம்ப் இல்லை. இது வண்டில்" என்றார்.

நாயாற்றில்

ஓகஸ்டில் போனோம். வானை மணலுக்குள் கொண்டுபோகவில்லை. பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வான் காற்றைக் குறைத்தாலும் தளர்ந்த மணலில் ஓரளவுக்குத்தான் போகும். பாதையோரம் இறுகிய நிலத்தில் நிறுத்தினோம். மிச்சச் சாமானை வாடிக்கார அண்ணன் ஒருவர் தன் லான்ட்மாஸ்டரில் ஏற்றித் தந்தார். அவர் சிலாபத்துக்காரர், புத்தளத்தில் எங்கள் ஆக்கள் இருந்த ஊரெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் அகதியாய்ப் போன கரையில் இருந்து அவர் தொழிலுக்கு இங்கே வருகிறார். உம்மா அவரோடு பாதி சிங்களத்தில் பாதி தமிழில் அரை மணித்தியாலம் கதைத்தார்.

மண்ணில் தயம்மும் செய்து காட்டிப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினோம். தண்ணீர் இருந்ததால் வுழூ செய்துதான் தொழுதோம். இரவு பெண்கள் வானுக்குள், ஆண்கள் வெளியில் பாயில். நடுச்சாமத்தில் உம்மா எழும்பி, செம்மலைப் பக்கம் கையைக் காட்டி, "அங்கினதான் வாப்பா மாட்டை அவிழ்த்துத் தண்ணி காட்டுவார்" என்றார். முப்பத்தைந்து வருடத்தில் அவர் அந்த வண்டிலைப் பற்றித் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் விடியும் வரைக்கும் கேள்வி கேட்டார்கள்.

போக நினைக்கிற உறவுகளுக்குக் கடைசியாகச் சில சொல்.

2017இல் நாயாறும் நந்திக்கடலும் இயற்கை ஒதுக்கங்களாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. களப்புப் பக்கம் தங்க முன் வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேளுங்கள். கரையில் தங்குவதானால் மீனவர் சங்கத்திடம் ஒரு வார்த்தை. வலை காய்கிற இடத்தில் வாகனத்தை ஏற்ற வேண்டாம். காட்டுப் பாதையில் சிவப்புப் பலகை கண்டால் ஒரு அடிகூட உள்ளே வைக்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றும் வேலை மாவட்டத்தில் இன்னும் முடியவில்லை. மாலை ஆறு மணிக்குப் பின் காட்டு வழியில் யானை. மாரியில் போகவே வேண்டாம். கொண்டுபோன குப்பையைக் கொண்டு வாருங்கள்.

வீட்டில் பெரியவர்கள் வரமாட்டோம் என்றால் அவர்களோடு வாதாட வேண்டாம். என்னத்துக்குப் பயம் என்று கேளுங்கள். வாகனத்தை மாற்றுமுன் அந்தப் பதிலைக் கேட்டால் எதை மாற்ற வேண்டும் என்பது தெரியவரும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வண்டிலுக்குக் கிடுகுக் கூடாரம் கட்டத் தெரிந்தவர், இரும்புப் பட்டம் ஏற்றத் தெரிந்த கொல்லர், மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய சாரதி யாராவது நம்ம ஊர்களில் இருந்தால், முஸ்லிமோ தமிழரோ, தயவுசெய்து அறியத் தாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு தேடி வருகிறோம். அவர்கள் சொல்வதை எழுதி வைக்க வேண்டும். வாகனங்கள் போய்விட்டன, அவற்றைச் செய்த கைகள் சில இன்னும் இருக்கின்றன.

இன்ஷா அல்லாஹ், அடுத்த விடுமுறையில் திரும்பவும் போவோம். இந்த முறை நாளைக் குறித்தவர் உம்மாதான்.